கல்லுக்கு விட்டுக்கொடுக்கும் காரை

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் வளவில் நிற்பவர்களின் கண் தேக்குத் தூண்களுக்கும் பளபளக்கும் சுவர்ப் பூச்சுக்கும்தான் போகும். நடுவே வெயிலும் மழையும் வாங்கிக் கிடக்கும் முற்றத்தின் கல்தளத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கற்களுக்கு நடுவே ஓடும் விரலகலக் காரைக் கோட்டைப் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. எனக்கோ அதைப் பார்த்து ஆசை தீர்வதில்லை.

நல்ல சுண்ணாம்புக் காரை பளிச்சென்று வெளுத்திருக்காது. மணலின் பழுப்பு அதில் மெல்ல ஊடுருவித் தெரியும். தொட்டால் மணற்பரல் விரலில் படும். கல்லின் விளிம்பு துல்லியமாகத் தெரிய, காரை அதற்கு ஒரு நூல் கீழே அடங்கியிருக்கும். கல்லின் மேல் வழித்துப் பூசி, விளிம்பை மறைத்துவிட்ட இடுக்கை நான் வேலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரையின் அழகெல்லாம் அது கல்லைவிட மென்மையாக இருப்பதில்தான் இருக்கிறது. தரைக்கடியில் இறங்கும் நீர் எப்படியாவது மேலே வந்து ஆவியாக வேண்டும். சுண்ணாம்பு நுண்துளைகள் நிறைந்தது; நீர் அதன் வழியே வெளியேறும், உப்பும் அங்கேயே படியும். பொரிந்து உதிர்வது காரைதான். இடுக்கில் சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் கல்லுக்குள் திரும்புகிறது. கருங்கல் தாங்கிக்கொள்ளும். மணற்கல்லும் செங்கல் தளமும் தாங்காது; ஓரம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். பனி உறையும் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மணற்கல் பாவிய பழைய முற்றங்களிலும் இதே கதைதான்: உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கிறது. இன்னொன்று, சுண்ணாம்பில் பதித்த கல்லை நூறு வருடம் கழித்தும் நெம்பி முழுசாக எடுத்து மறுபடி பாவலாம். சிமெண்டில் பதித்த கல் உடைந்துதான் வரும்.

செய்முறையில்தான் சுவை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீரில் போட்டதும் அது கொதித்து நீறும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, பக்கத்தில் நிற்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நீறியதைச் சலித்து, தண்ணீருக்குள்ளேயே ஊறவிட வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறைந்த சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாதென்று பழைய விதி இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். நம் கொத்தனார்கள் ஊறவைத்ததோடு விடவில்லை. மணல் சேர்த்து, வட்டக் கால்வாயில் மாடு இழுக்கும் கல் உருளைக்கடியில் அரைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரை ஊற்றினார்கள். அதில் காரை குழைந்து வரும், தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும்.

மழை தேங்கும் முற்றத்துக்கு வெறும் சுண்ணாம்பு போதாது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். ஓயாத ஈரத்தில் இறுகாது. அதனால் செங்கல் பொடியான சுர்க்கி சேர்ப்பார்கள், அல்லது களிமண் கலந்த சுக்கான்கல்லைச் சுட்டெடுப்பார்கள். களிமண் உள்ள சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்புதான் நீருக்கடியிலும் இறுகும் என்பதை 1750களில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்காகச் சோதித்துக் கண்டறிந்தார் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது பிறகு, 1824இல்.

கல்லை நனைத்து, காரைப் படுகையில் இறக்கி, மரச் சுத்தியலால் தட்டும்போது கொத்தனாரின் காதைக் கவனியுங்கள். அடியில் பொள்ளல் இருந்தால் ஒலி சொல்லிவிடும். தூக்கி மறுபடி பதிப்பார். படுகை இறுகிய பின்தான் பாயிண்டிங், அதாவது இடுக்கைக் காரையால் நிரப்புவது. இடுக்கைச் சுரண்டி, நனைத்து, ஒல்லிக் கரண்டியால் அடிவரை அழுத்தித் திணிக்க வேண்டும். பிறகு பொறுமை. நகம் பட்டால் தடம் விழுந்து, விரல் அழுந்தாத பதம் வந்ததும், முரட்டுத் தூரிகையால் குத்துவார்கள். மேலே படிந்த வழவழப்பு போய் மணற்பரல் வெளிப்படும். நீர் ஆவியாகும் வாசல்களும் திறக்கும். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். பிறகு பல நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்தால் பொடியாகிவிடும்.

பிற்பாடு மயிரிழை விரிசல் விட்டாலும் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய் அதிலேயே படியவைக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதை எந்த நவீனக் கலவைக்கும் மேலே வைப்பேன்.

உங்கள் வீட்டுப் பழைய முற்றத்தில் காரை உதிர்ந்திருந்தால் ஒயிட் சிமெண்ட் மூட்டையை வாங்கிவிடாதீர்கள். சுண்ணாம்பில் கைபழகிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் கேட்கும் நாட்களைக் குறைக்காமல் கொடுங்கள்.