போல்ட் தலையை மாற்றினால் போதுமா?

.303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை நம் காவல்துறைகள் இத்தனை காலம் கைவிடாததற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. அதைப் பழுதுபார்ப்பது எளிது. தோட்டாவின் அடியைத் தாங்கும் போல்ட் தலை அதில் தனி உறுப்பு. கையாலேயே திருகிக் கழற்றலாம். தேய்மானத்தால் குழலுக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி கூடினால், சற்றே நீளமான தலையைப் பூட்டினால் அளவு நேராகிவிடும். லீ-என்ஃபீல்டின் நான்காம் எண் (No. 4) மாதிரிக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகளே இருந்தன. இஷாப்பூர் துப்பாக்கி ஆலையின் .303-கள் தலைமுறைகள் தாண்டி உழைத்ததில், தலையைத் தனியே மாற்ற முடிந்ததற்கும் பங்குண்டு. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 ஜனவரியில்தான் .303-க்கு விடைகொடுத்தது.

அருமையான அமைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்த எளிமை, தேய்ந்தது எது என்று தேடாமலேயே வேலையை முடிக்கவும் இடம் கொடுக்கிறது. மாதனூர், ஆம்பூர் டேனரிகளில் தோலைச் சீவும் ஷேவிங் மெஷினிலிருந்து தோல் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தால், நல்ல மெக்கானிக் பிளேடைத் தொடுமுன் பேரிங்கைப் பார்ப்பார். .303-இல் அந்தப் பேரிங்கின் இடத்தில் இருப்பவை போல்ட்டின் பின்பகுதியிலுள்ள இரண்டு பூட்டுப் புடைப்புகள். வெடிப்பின் உதையை இரண்டும் சமமாகத் தாங்க வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால், புதிய தலை அளவைச் சரியாகக் காட்டும். பளு முழுவதும் மற்றதன் மேல் விழும். 0.064 அங்குல கேஜ் வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 வைத்தால் மூடக் கூடாது என்ற சோதனை இடைவெளியைத்தான் சொல்லும், புடைப்புகள் சமமாகத் தாங்குகின்றனவா என்பதைச் சொல்லாது. புடைப்புகள் அந்தந்தத் துப்பாக்கியோடு பொருந்த வேண்டும் என்பதால்தான் போல்ட்டிலும் துப்பாக்கியிலும் ஒரே எண் பொறித்தார்கள். ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் செருகுவது பராமரிப்பே ஆகாது. இடைவெளி மிஞ்சினால் தோட்டாவின் பித்தளை உறை நீண்டு அறுந்து, சுடுபவரின் முகத்துக்கே வாயு பாயலாம்.

துடைப்பதிலும் குறை உண்டு. குழலுக்குள் விட்டுத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்து, குழல் வாயின் ஓரம் தேய்ந்துவிடும், குறி தவறும். பழைய தோட்டாக்களில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் குழலில் உப்பு விடும். எண்ணெய் அதைக் கரைக்காது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெயிட வேண்டும். அதைத் தவறவிட்டு அரித்துப்போன குழலை எந்தப் போல்ட் தலையாலும் மீட்க முடியாது.

உதிரி உறுப்புகள் அருகிவிட்ட இன்று, கழித்த துப்பாக்கியிலிருந்து உறுப்பை எடுத்துப் பூட்டுவது இன்னும் ஆபத்து. ஏற்கெனவே தேய்ந்தது அது. புடைப்புகள் இரண்டும் பொருந்துகின்றனவா என்று மை தடவிப் பார்க்காமல், கேஜ் வைக்காமல், எத்தனை தோட்டா சுட்டது என்ற பதிவும் இல்லாமல் அந்தத் துப்பாக்கியை ஒரு காவலர் கையில் கொடுக்கும் உரிமை, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் எந்த ஆர்மரருக்கும் இல்லை.