விகாரமா, திரிபா?

மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ஆதலின் அறிவியலைத் தமிழிற் கூறுதல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. கூறும் சொல்லை மதிப்பிடுதலே வேண்டற்பாலது.

விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்கக் கிடைப்பதை ஈழத்துப் பௌதிக நூல்கள் 'தகைப்பு' என்றும், தமிழகத்து நூல்கள் 'தகைவு' என்றும் வழங்கும். இங்கு வேறுபாடு விகுதியளவினதே. ஆனால், நீட்சியை ஆதி நீளத்தால் வகுக்கக் கிடைப்பது ஈழத்தில் 'விகாரம்', தமிழகத்தில் 'திரிபு'. இரண்டும் இலக்கணம் அறிந்த சொற்களே. புணர்ச்சியில் எழுத்துத் தோன்றுதலையும் திரிதலையும் கெடுதலையும் விகாரத்தின் மூவகையாக நன்னூலார் கொள்வர். இழுபடும் கம்பியிலே புதிதாய்த் தோன்றுவதுமில்லை, உள்ளது கெடுவதுமில்லை, வடிவே திரிகின்றது. முறுக்கப்படும் தண்டிலும் அவ்வாறே. எனவே 'திரிபு' நுட்பமானது.

எனினும், இரு சொற்களும் ஒரு குறையுடையன: விகிதம் என்பதை அவை உணர்த்துவதில்லை. 2 மீற்றர் உருக்குக் கம்பி 1 மில்லிமீற்றர் நீளுமாயின், அம்மில்லிமீற்றரையே விடையென மாணவன் மயங்க இடமுண்டு. உண்மை விடையோ அலகற்ற 0.0005. கணக்குப் பிழைப்பது கணிதத்தாலன்று, சொல்லின் பொருள் தெளியாமையால். எச்சொல்லை ஆளினும், அதன் வரைவிலக்கணத்தை மனத்திருத்துதலே தமிழிற் கற்பித்தலின் முதற்கடனாகும்.