உண்ணி சொன்ன உண்மை: ஒரு பழைய அறிக்கையின் திறனாய்வு

ஓர் அறிவியல் நூலை இரண்டு விதமாகப் படிக்கலாம். என்ன முடிவு சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பது ஒன்று. அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பார்ப்பது மற்றொன்று. 1893-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட ஓர் அறிக்கையை முதல் விதமாகப் படித்தவர்களே அதிகம். தியோபால்டு சிமித், பிரெட் கில்போர்ன் என்னும் இருவர் எழுதிய அந்த அறிக்கை, ‘டெக்சாஸ் காய்ச்சல்’ என்ற மாட்டு நோயைப் பற்றியது.

தருமபுரி மாவட்டத்து வாசகருக்கு டெக்சாஸ் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் ‘பபீசியா’ என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி நம் நாட்டு மாடுகளிலும் உண்டு. அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. கடுங்காய்ச்சல் வருகிறது, மூத்திரம் காப்பி நிறமாகிறது, பால் நின்றுபோகிறது. மானாவாரி நிலத்தை நம்பிப் பயனில்லாத ஆண்டுகளில் பால் பணத்தில் அடுப்பெரியும் வீடுகளுக்கு இது சிறிய செய்தி அன்று.

அமெரிக்காவில் இந்நோய் ஒரு புதிராக இருந்தது. தெற்கிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள் நல்ல உடல்நலத்தோடு இருந்தன. ஆனால் அவை நடந்துபோன நிலத்தில் பிறகு மேய்ந்த வடக்கத்தி மாடுகள், ஒரு மாதத்துக்கு மேல் கழிந்தபின் நோயுற்று மடிந்தன. “உண்ணிதான் காரணம்” என்று மாடு வளர்ப்போர் சொல்லி வந்தனர். படித்தவர்களில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்த இருவர் அந்தப் பேச்சை நம்பிவிடவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை, சோதித்தார்கள். இவ்வறிக்கையின் பெருமை இங்கே இருக்கிறது. 1889-இல் வேலியிட்ட தனித்தனி நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் உண்ணியுள்ள தெற்கத்தி மாடுகளோடு வடக்கத்தி மாடுகளை விட்டார்கள். இன்னொன்றில் தெற்கத்தி மாடுகளின் உண்ணிகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்டு விட்டார்கள். மற்றொன்றில் தெற்கத்தி மாடே இல்லை. உண்ணிகளை மட்டும் புல்லில் தூவினார்கள். உண்ணி இருந்த நிலங்களில் நோய் வந்தது; பொறுக்கி எடுத்த நிலத்தில் வரவில்லை.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது தனி ஊசலை நினைவூட்டுகிறது. குண்டின் எடை அலைவு நேரத்தை மாற்றுகிறதா என்று அறிய, நூலின் நீளத்தை மாற்றாமல் எடையை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கே மாட்டு மந்தையில் கையாளப்பட்டது.

அடுத்து வந்த முடிவு வியப்பானது. நோயுள்ள இரத்தத்தைக் குடித்த தாய் உண்ணி வேறொரு மாட்டைக் கடிப்பதில்லை. அது தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு இறந்துபோகிறது. ஒட்டுண்ணி முட்டை வழியே குஞ்சுகளுக்குச் செல்கிறது; அந்தக் குஞ்சுகளே நோயைக் கொடுக்கின்றன. முட்டை பொரிக்கும் நாட்களையும், கடித்தபின் காய்ச்சல் தோன்றும் நாட்களையும் கூட்டிப் பாருங்கள். ஒரு மாதத் தாமதத்தின் கணக்கு சரியாகிவிடுகிறது!

இனி குறைகளைப் பார்ப்போம். அந்த உண்ணியின் வாழ்க்கைச் சுற்றை ஆராய்ந்து கண்டவர் கூப்பர் கர்ட்டிசு. அறிக்கையின் முகப்பில் அவர் பெயர் இல்லை. முதலில் உண்ணியைச் சுட்டிய மாடு வளர்ப்போருக்கும் அங்கே இடமில்லை.

இதைவிடப் பெரிய குறை அறிக்கையில் இல்லை. அதைப் படித்தவர்களிடம் இருக்கிறது. ‘உண்ணியை அடியோடு ஒழி’ என்பதை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1906-இல் தொடங்கிய ஒழிப்புப் பணி, மருந்துத் தொட்டிகளில் மாடுகளை முக்கி எடுத்து, 1943-இல் மெக்சிகோ எல்லைப் பகுதி நீங்கலாக நிறைவேறியது. பென்னாகரத்திலோ அரூரிலோ வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடுகள்; மேய்ச்சலோ ஏரிக்கரையிலும் தரிசிலும் காட்டோரத்திலும். ஒரு வீட்டார் மருந்து தெளித்து அடுத்த வீட்டார் தெளிக்காவிட்டால், புல்லில் காத்திருக்கும் குஞ்சுக்கு வீட்டு வேறுபாடு தெரியுமா? அளவு குறைத்தும் முறையின்றியும் தெளிப்பதால் மருந்துக்கு அஞ்சாத உண்ணிகள் இந்தியாவின் பல பகுதிகளில் பெருகியுள்ளன.

மேலும், கன்றுப் பருவத்தில் பபீசியா தொற்றினால் பெரும்பாலும் நோய் இலேசாக வந்து எதிர்ப்பாற்றல் நிற்கிறது. தெற்கத்தி மாடுகள் நலமாயிருந்த இரகசியம் இதுவே. அரைகுறையாக உண்ணியைக் குறைத்தால், எதிர்ப்பாற்றல் பெறாமலே கன்று வளர்ந்து, கறவையில் நோய்க்கு ஆளாகலாம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கலப்பின மாடுகளைக் கொல்லும் ‘தைலேரியா’ என்னும் ஒட்டுண்ணியைப் பரப்புவது வேறு இன உண்ணி. அது தொழுவத்துச் சுவர் இடுக்கிலும் பதுங்கும். அந்த ஒட்டுண்ணி முட்டை வழியே செல்வதில்லை; இளம் பருவத்தில் நோயுள்ள மாட்டின் இரத்தம் குடித்த உண்ணி, தோலுரித்து வளர்ந்தபின் அடுத்த மாட்டுக்குக் கொடுக்கிறது. ஆகவே அங்கே புல்வெளியை மட்டும் பார்த்தால் போதாது. சுவர் வெடிப்பையும் பூச வேண்டும். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு. இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்காமல் ஊகத்தில் ஊசி போட்டால், மாட்டையும் இழந்து பணத்தையும் இழப்போம்.

பால் பெருக வேண்டுமென்று ஜெர்சியையும் ஹோல்ஸ்டைனையும் நாம் வரவழைத்தோம். அவற்றுக்கு உண்ணியைத் தாங்கும் ஆற்றல் குறைவு. ஆஸ்திரேலியர்களோ உண்ணியைத் தாங்கும் பால்மாடு வேண்டுமென்று நம் துணைக்கண்டத்துச் சாகிவாலையும் சிவப்புச் சிந்தியையும் கொண்டுபோய்த் தங்கள் ஜெர்சியோடு கலந்தார்கள். அவரவர் நிலத்துக்கு அவரவர் கேள்வி!

எனவே, மாணவர்களே, இந்த அறிக்கையின் விடையைக் கடன் வாங்காதீர்கள். வினாவைக் கடன் வாங்குங்கள். உங்கள் தெருவில் பத்து மாடுகளைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை ஒரு பக்க உடலில் உள்ள உண்ணிகளை எண்ணிக் குறித்து வாருங்கள். எல்லா மாட்டிலும் ஒரே அளவாக இருக்காது. சில மாடுகளிலேயே பெரும்பங்கு இருக்கக் காண்பீர்கள். அவை எவை, எங்கே மேய்கின்றன, எந்தத் தொழுவத்தில் படுக்கின்றன? அந்தக் குறிப்பேட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை எங்கே முதலில் செலவிடுவது என்பதை அவர் அதிலிருந்து முடிவு செய்யலாம்.