ஒரே சாட்சியின் சொல்லும் தொலைக்காட்சியின் அறிவியலும்

பள்ளிப் படிப்பு முடிந்தபின் நம் சபையாருள் பெரும்பாலோர் அறிவியலைப் பற்றிக் கேள்விப்படுவது தொலைக்காட்சிச் செய்தியின் வழியாகவே. இரவுச் செய்தியில் இரண்டு நிமிடம் காட்டப்படுவது மறுநாள் தேநீர்க் கடையிலும் அலுவலகத்திலும் கருத்தாக உலவுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதுவே பிரசங்கத்தில் உதாரணமாக வந்து அமர்ந்துகொள்கிறது. போகிற போக்கில் பிறக்கும் இத்தகைய கருத்துகளை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, ஜெனீவா நகருக்கருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்து 2008, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று செய்திகளை ஈண்டு ஆராய்வோம்.

அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை. உபாகமம் 19ஆம் அதிகாரம் சாட்சிகளைக் குறித்து ஒரு நெறியை வகுக்கிறது. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எந்த வழக்கையும் முடிவு செய்யலாகாது. இருவரோ மூவரோ வேண்டும். நியாயாதிபதிகள் தீர விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நீதிமன்றத்திற்கென எழுந்த இந்நெறி, செய்தியைக் கேட்போனுக்கும் அதை எடுத்துரைப்போனுக்கும் பொருந்துவதே.

1. உலகம் முடியும் என்ற செய்தி

செர்ன் ஆய்வுக்கூடத்தின் பெரும் துகள்மோதி, சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் எல்லையில் நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த வளையம். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அது முதன்முறையாக இயக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே நம் நாட்டுச் செய்தித் தொலைக்காட்சிகள் பலவற்றில், இவ்வியந்திரம் கருந்துளையை உண்டாக்கி உலகையே விழுங்கிவிடுமோ என்ற விவாதம் நடைபெற்றது.

அன்று உண்மையில் நிகழ்ந்தது என்ன? புரோட்டான்களின் கற்றை வளையத்தைச் சுற்றி வந்தது, அவ்வளவே. கற்றைகள் ஒன்றோடொன்று மோதும் சோதனை அன்றைய திட்டத்திலேயே இல்லை. முதல் மோதல்கள் 2009 நவம்பரிலேதான் நிகழ்ந்தன. மேலும், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் இவ்வியந்திரத்தால் எட்ட இயலாத ஆற்றலோடு பூமியின் வளிமண்டலத்தை ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளாகத் தாக்கிவருகின்றன, பூமியோ நிலைத்திருக்கிறது. செர்ன் 2008இல் வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கையின் தலையாய வாதம் இதுவே. ஒன்பது நாட்களுக்குப்பின், செப்டம்பர் 19இல், இரு காந்தங்களுக்கிடையே இருந்த மின்னிணைப்பு பழுதுற்று, குளிரூட்டப் பயன்பட்ட ஹீலியம் டன் கணக்கில் கசிந்தது. பழுது நீக்கி மீண்டும் இயக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. நிகழவே இயலாத ஆபத்து பெருஞ்செய்தியாயிற்று. நிகழ்ந்த விபத்தோ சிறுசெய்தியாகக் கடந்து போயிற்று.

இதை நகைத்து விட்டுவிட முடியாது. மத்தியப் பிரதேசத்தில் பதின்ம வயதுப் பெண் ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றும், தொலைக்காட்சியில் கண்ட உலக முடிவுச் செய்தியால் அவள் அஞ்சிக் கலங்கியிருந்ததாகத் தந்தை கூறினார் என்றும் அவ்வாரமே செய்தி வந்தது. ஓர் உயிரின் முடிவுக்கு ஒரே காரணம் கற்பிப்பது முறையன்று. எனினும், பொறுப்பின்றிப் பேசப்பட்ட சொல் யார் வீட்டில் எவ்வாறு விழும் என்பதைப் பேசினவன் அறியான். யுகமுடிவைக் குறித்துப் பிரசங்கிக்கும் நாம் இதை மறக்கலாகாது.

2. ஒளியை முந்திய நியூட்ரினோ

2011 செப்டம்பர் 23இல் ஓபரா என்னும் ஆய்வுக்குழுவினர் ஓர் அளவீட்டை வெளியிட்டனர். செர்னிலிருந்து புறப்பட்டுப் பூமிக்குள்ளாக ஏறத்தாழ 730 கிலோமீட்டர் கடந்து, இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலையடி ஆய்வுக்கூடத்தை அடைந்த நியூட்ரினோக்கள், ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட ஏறத்தாழ 60 நானோ விநாடி முன்னதாக வந்துசேர்ந்ததாகக் கணக்கு காட்டிற்று. தாங்கள் தேடியும் பிழை அகப்படவில்லை என்றும், பிறர் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் அக்குழுவினர் வேண்டினர். உலகச் செய்திகளிலோ அவ்வேண்டுகோள் பின்தங்கிவிட, ஐன்ஸ்டைன் வீழ்ந்தாரா என்ற கேள்வியே முன்னின்றது.

2012 பிப்ரவரியில் காரணம் புலனாகத் தொடங்கிற்று. நேரக்குறிப்பைக் கொண்டுசெல்லும் ஒளியிழை வடம் ஒன்று தன் இணைப்பில் சரியாகப் பொருந்தியிருக்கவில்லை. மார்ச் மாதத்தில், அதே மலையடியில் பணியாற்றிய இக்காரஸ் என்னும் வேறொரு குழு தன் கருவியால் அளந்து, நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை என்று அறிவித்தது. அதே மாதத்தில் ஓபரா குழுவின் தலைவர் தம் பொறுப்பினின்று விலகினார். ஜூன் மாதத்தில் ஓபரா குழுவும் திருத்திய முடிவை வெளியிட்டது.

இங்குக் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்று உண்டு. புள்ளியியல் கணக்கின்படி ஓபராவின் முதல் முடிவு வலிமையற்றதன்று. தற்செயலால் மட்டும் அத்தகைய விளைவு தோன்றுவதற்கு நூறு கோடியில் ஒன்று என்னும் அளவே வாய்ப்பு. அறிவியலார் இதனை ஆறு சிக்மா என்பர். ஆயினும் அம்முடிவு பிழையே. சிக்மா தற்செயலை அளக்குமேயன்றித் தளர்ந்த வடத்தை அளக்காது. ஒரே சாட்சி எத்துணை உறுதியாகப் பேசினாலும், அச்சாட்சியின் கண்ணிலேயே குறையிருப்பின் உறுதியால் பயனில்லை. இரண்டாம் சாட்சி வேண்டும் என்ற நெறியின் ஆழம் இங்கே விளங்குகிறது.

3. "கடவுள் துகள்"

2012 ஜூலை 4இல் செர்ன் ஒரு புதிய துகளைக் கண்டதாக அறிவித்தது. தமிழ்ச் செய்திகளிலும் "கடவுள் துகள்" என்ற பெயர் பரவிற்று. இப்பெயர் இயற்பியலில் பிறந்ததன்று. நோபல் பரிசு பெற்ற லியான் லெடர்மன், டிக் டெரசியுடன் சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஒரு நூலின் தலைப்பு. பீட்டர் ஹிக்ஸ் அப்பெயரை விரும்பவில்லை. அறிவியலார் வழங்கும் பெயர் ஹிக்ஸ் போசான். "போசான்" என்ற சொல் நம் நாட்டு அறிஞர் சத்யேந்திரநாத் போசின் பெயரால் அமைந்தது. 1964இல் ஹிக்ஸும், தனியே பிரான்சுவா எங்லேர், ராபர்ட் பிரவுட் இருவரும், அடிப்படைத் துகள்கள் நிறை பெறுவதை விளக்கும் கருத்தை வெளியிட்டனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப்பின் அதற்குச் சான்று கிடைத்தது.

இம்முறை சாட்சிகள் இருவர். அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் இரு பெருங்கருவிகள் வெவ்வேறு முறையில் வடிவமைக்கப்பட்டவை. தனித்தனிக் குழுக்களால் இயக்கப்படுபவை. இரண்டும் புரோட்டானைப்போல் ஏறத்தாழ 133 மடங்கு நிறையுள்ள துகளையே சுட்டின; இரண்டும் ஐந்து சிக்மா அளவை ஒட்டிய உறுதியோடு சுட்டின. அப்போதும் அவர்கள் முடிவாகச் சொல்லவில்லை. ஹிக்ஸ் போசானுக்கு ஒத்த ஒரு புதிய துகள் என்று மட்டும் கூறினர். மேலும் பல சோதனைகளுக்குப்பின், 2013 மார்ச்சில்தான் அது ஒரு ஹிக்ஸ் போசானே என்று அறிவித்தனர். அவ்வாண்டு ஹிக்ஸுக்கும் எங்லேருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. பிரவுட் 2011இலேயே காலமாகிவிட்டார்.

செய்தியில் இவ்வொழுங்கு எவ்வாறு சிதைந்தது? முதலாவது, ஐந்து சிக்மா என்பதைக் கண்டுபிடிப்பு பொய்யாயிருக்க 35 இலட்சத்தில் ஒன்றே வாய்ப்பு எனப் பலர் விளக்கினர். அதன் பொருள் அதுவன்று. அத்தகைய துகள் இல்லை என்று கொண்டால், தற்செயலால் மட்டும் இத்துணை வலிய அடையாளம் தோன்றும் வாய்ப்பே 35 இலட்சத்தில் ஒன்று. இரண்டும் ஒன்றல்ல என்பதை ஓபராவின் வரலாறு காட்டும். இரண்டாவது, எல்லாப் பொருளுக்கும் நிறை தருவது இத்துகளே என்று கூறப்பட்டது. எலக்ட்ரான், குவார்க் முதலிய அடிப்படைத் துகள்கள் ஹிக்ஸ் புலத்தால் நிறை பெறுகின்றன. எலக்ட்ரானுக்கு நிறை இல்லையேல் அணுவே அமையாது. ஆயினும் நம் உடலின் நிறையில் பெரும்பகுதி, புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே குவார்க்குகளைப் பிணைக்கும் ஆற்றலிலிருந்து வருவது. மூன்றாவது, பெயரில் இருந்த "கடவுள்" செய்தியின் பொருளாகவே மாறிவிட்டார்.

இம்மூன்றாவது பிழையே திருச்சபையைத் தொடுவது. அறிவியலே கடவுளைக் கண்டுவிட்டது என்று மகிழ்வோரும், இனிக் கடவுள் தேவையில்லை என்று இறுமாப்போரும் எதிரெதிர் அணியினராகத் தோன்றினும், இரு சாராரும் நின்றது ஒரு புத்தகத் தலைப்பின்மேலேயே. ஹிக்ஸ் போசான் படைத்தவரை நிரூபிப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. படைப்பின் ஒரு பகுதி எவ்வாறு இயங்குகிறது என்பதையே அது காட்டுகிறது.

4. குறை யாருடையது?

தொலைக்காட்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. கவர்ச்சியான பெயரை நூலுக்குச் சூட்டியவர் ஒரு விஞ்ஞானியே. இரண்டாம் அளவீடு வருமுன் ஓபராவின் முடிவு உலகறியச் சொல்லப்பட்டதும் அறிவியலாரின் கூட்டத்திலேயே. பொதுமக்களும் பரபரப்பான செய்தியையே விரும்பிக் காண்கின்றனர்.

கடினமானதை எளிதாக்கிச் சொல்வது தவறா என்று சிலர் கேட்கக்கூடும். தவறன்று, அதுவின்றிப் பிரசங்கமே இல்லை. ஆனால் பொருளை எளிதாக்குவது வேறு, உறுதியை மிகையாக்குவது வேறு. "ஒத்திருக்கிறது" என்பதைக் "கண்டுபிடிக்கப்பட்டது" என்றும், "சோதித்துப் பாருங்கள்" என்பதை "வீழ்ந்தது" என்றும் மாற்றுவது எளிமையாகாது. அது சாட்சி சொல்லாததைச் சாட்சியின் வாயில் வைப்பதாகும். ஒன்பதாம் கட்டளை தடுப்பது இதனையே. தொலைக்காட்சிச் செய்தியின் அடிப்படைக் குறை அதன் சுருக்கத்தில் இல்லை. எவ்வளவு உறுதி என்ற அளவைச் சொல்லாமல் விடுவதிலும், அறிவிப்புக்குக் கொடுத்த இடத்தைத் திருத்தத்திற்குக் கொடாததிலுமே அது உள்ளது.

5. பிரசங்க பீடத்தின் பொறுப்பு

நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் கூற்று ஒன்று உண்டு: அறிவியல் இன்று ஒன்று சொல்லும், நாளை அதையே மறுக்கும், திருமறையோ மாறாதது. ஓபராவின் வரலாறு இதற்கு ஏற்ற உதாரணமாகத் தோன்றக்கூடும். உண்மையில் அது இக்கூற்றைக் கண்டிக்கிறது. தங்கள் முடிவைத் தாங்களே விசாரணைக்கு ஒப்புக்கொடுத்து, பிழை வெளிப்பட்டபோது உலகறியத் திருத்தினர் அக்குழுவினர். தவற்றை அறிக்கையிடுதலையும் மனந்திரும்புதலையும் ஞாயிறுதோறும் போதிக்கும் நாம், அதன் சாயலைப் பிறரிடம் காணும்போது ஏளனம் செய்வது எங்ஙனம் தகும்?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகுஸ்தீன் இது குறித்து எச்சரித்துள்ளார். ஆதியாகமத்தின் நேர்ப்பொருளை விளக்கும் தம் நூலில், வானத்தையும் விண்மீன்களின் இயக்கத்தையும் பற்றி விசுவாசி ஒருவன் திருமறையின் பெயரால் பிதற்றினால், அவற்றை நன்கறிந்த அவிசுவாசி, உயிர்த்தெழுதலைக் குறித்துத் திருமறை கூறுவதை எவ்வாறு நம்புவான் என்று அவர் கேட்கிறார். அகுஸ்தீன் அஞ்சிய அவிசுவாசி இன்று ஆலயத்திற்கு வெளியே மட்டும் இல்லை. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இயற்பியல் மாணவியே அவர். "கடவுள் துகள்" என்று போதகர் முழங்கும்போது அவள் தலைகுனிகிறாள். அறிந்த பொருளில் பிழைபட்டவரை, அறியாத பொருளில் எவ்வாறு நம்புவது என்று எண்ணத் தொடங்குகிறாள். இவ்விழப்பு எந்தச் சபைக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவரும் மெதடிஸ்ட் சபையின் பிரசங்கியாருமான சார்லஸ் கூல்சன், 1955இல் வெளியான "அறிவியலும் கிறிஸ்தவ நம்பிக்கையும்" என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில், அறிவியல் விளக்காத இடைவெளிகளில் கடவுளை வைக்கும் போக்கைக் கண்டித்தார். இடைவெளி சுருங்கச் சுருங்கக் கடவுளும் சுருங்குவார் என்பதே அதிலுள்ள ஆபத்து. இடைவெளியில் கடவுளை வைப்பதும் துகளில் கடவுளைக் காண்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள் எனலாம்.

ஆகவே, அறிவியற் செய்தி ஒன்றைப் பிரசங்கத்தில் எடுத்தாளுமுன் மூன்று வினாக்களை எழுப்புவது நலம். இதைக் கண்டவர் யார், அவர் தம் வாயால் சொன்னது எவ்வளவு? தனியே நின்று கண்ட இரண்டாம் சாட்சி உண்டா? பின்னாளில் திருத்தம் ஏதேனும் வந்ததா? இவற்றுக்கு விடை கிடைக்கவில்லையெனில் அவ்வுதாரணத்தை விட்டுவிடுவதே மேல். அதனால் பிரசங்கம் குன்றிவிடாது. இறையியற் கல்லூரிகளில் பிரசங்கக் கலை பயிற்றுவிப்போர், ஒரு செய்தியை அதன் மூல அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சியை மாணவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளிக்கலாம்.

நாம் சாட்சிகளாக அழைக்கப்பட்டவர்கள். சாட்சியின் மதிப்பு குரலின் உரத்தால் அமைவதன்று. கண்டதைக் கண்ட அளவிலேயே சொல்லும் நேர்மையால் அமைவது. துகளைக் குறித்துப் பேசும்போது இந்நேர்மையைக் கைக்கொள்ளாதவன், படைத்தவரைக் குறித்துப் பேசும்போது மட்டும் அதைக் கைக்கொள்வான் என்று சபையார் எங்ஙனம் நம்புவர்?