மலையகக் கவிதையும் மறைந்த காடும்

வெறுங்காட்டைத் தொழிலாளி பொன்விளையும் பூமியாக்கினான் என்ற பெருமிதம் எமது மலையகக் கவிதைகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. உழைப்பைப் போற்றுவதில் எமக்கு மாறுபாடில்லை. ஆனால், 'வெறுங்காடு' யாருடைய பார்வை? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் தரிசையும் ஒரே மூச்சிற் சொல்லி, உரிமை நாட்டப்படாதவிடத்து அரசுடைமை என்றது. துரைமார் வாங்கினர், கோப்பி நட்டனர். அங்கே யானைகள் உலவின, ஆறுகள் பிறந்தன என்பது அவர்தம் கணக்கில் ஏறவில்லை. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி மாண்டது; காடு மீளவில்லை, தேயிலை வந்தது. கவிஞரும் துரையின் கணக்கையே ஒப்புக்கொள்வதா?

2020இல் நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கிற் சிக்கி மாண்டது. தோட்ட லயங்களில் வாழ்வோரிற் பெரும்பாலோர்க்கும் சொந்தக் காணியில்லை. இவ்விரு வறுமைகளையும் ஒருசேரக் கண்ட கவிதையை நாம் இன்னும் படிக்கவில்லை.