சுயமரியாதைக்கு அளவுகோல் உண்டா?

சுயமரியாதை இயக்கம் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாதம் வரும்: "மரியாதை, அவமானம் எல்லாம் அவரவர் மனசைப் பொறுத்தது. அதை வைத்து எப்படி ஒரு இயக்கம் நடத்துவது?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

சேரன்மாதேவி குருகுலத்தை எடுத்துக்கொள்வோம். 1920-களில் வ.வே.சு. ஐயர் காங்கிரஸ் நிதியும் பெற்று நடத்திய பள்ளி. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி. பெற்றோர் விருப்பம் என்பது ஐயர் தரப்பு விளக்கம். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1925-இல் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார்.

மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு வலித்தது என்பதை அளக்க முடியாதுதான். ஆனால் இலை எங்கே போட்டார்கள், யாருடைய விருப்பத்துக்காகப் போட்டார்கள் என்பதெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். உணர்வு அகவயம், ஏற்பாடு புறவயம்.

அதற்காக, "எங்கள் கொள்கை அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்பவர்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. பந்தி தனி என்பது தகவல். தனியாக இருக்கக் கூடாது என்பது? எல்லா மனிதரும் சமம் என்று முன்னாடியே ஒப்புக்கொண்டால்தான் அது வரும். அந்தச் சமத்துவத்தை எந்த ஆய்வுக்கூடமும் கண்டுபிடித்துத் தராது. நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் தேர்ந்தெடுத்தபின் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. குருகுலப் பந்தியில் வைத்த அதே அளவுகோலை, இயக்கத்தின் பெயர் சொல்லும் வீடுகளில் சாதி பார்த்துக் கல்யாணம் பேசும்போதும் வைத்தாக வேண்டும். "அது எங்க குடும்ப விஷயம்ங்க" என்றால், ஐயர் தரப்பு சொன்ன பதிலும் கிட்டத்தட்ட அதுதானே?