ஜீப்பு வருது: ஒரு பெயரும் அதன் சொந்தக்காரர்களும்

போன தை மாசம் உடன்குடியில் ஒரு கல்யாணம். சித்தப்பா மகன் புதுசா வாங்கின வண்டியில் வந்திருந்தான். முன்பக்கம் ஏழு ஓட்டை வைத்த முகப்பு, அதற்கு மேலே ஜீப் என்று ஆங்கிலத்தில் எழுத்து. உள்ளே ஏசி, தொடுதிரை, தோல் சீட். ஆச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து முன்சீட்டில் உட்கார வைத்து, "ஆச்சி, இது ஜீப்பு. அமெரிக்கா கம்பெனி"ன்னான். ஆச்சிக்கு 86 வயசு. ஒருதடவை சுத்திமுத்திப் பார்த்துவிட்டு, "போல, இது காருல்லா. ஜீப்புன்னா ஒரு சத்தம் கேக்கும். ஒரு பயம் வரும்" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். வண்டிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. 20 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறான், பாவம்.

ராத்திரி தூத்துக்குடி திரும்பும்போது அந்த வாக்கியம் மண்டையிலேயே நின்றது. பெயரைப் பதிவு செய்து வைத்திருக்கும் கம்பெனி "இதுதான் ஜீப்" என்கிறது. 50 வருஷத்துக்கு மேலாக அந்தச் சொல்லைப் புழங்கிய ஒரு கிழவி "இது இல்லை" என்கிறாள். யார் சொல்வது சரி? வழக்கம்போல ரெண்டு வாரம் இதையே தோண்டினேன். கிடைத்ததை இங்கே வைக்கிறேன்.

பிறந்த கதை

ஜீப் ஒரு கம்பெனியின் கண்டுபிடிப்பு இல்லை. 1940-ல் அமெரிக்க ராணுவம் லேசான, நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு வேவு வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளிடம் கேட்டது. கொடுத்த கெடு 49 நாள். அந்தக் கெடுவுக்குள் மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது பென்சில்வேனியாவில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த பேன்டம் என்ற குட்டிக் கம்பெனி. ஆனால் ராணுவத்துக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கையை பேன்டமால் செய்ய முடியாது. வரைபடங்கள் வில்லிஸ், ஃபோர்டு கைக்குப் போயின. போர் முடிவதற்குள் அந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. பேன்டம் சில ஆயிரத்தோடு நின்றது.

பெயரும் அப்படித்தான். பொப்பாய் கார்ட்டூனில் 1936-ல் வந்த ஒரு விசித்திரப் பிராணியின் பெயர் ஜீப். சிப்பாய்கள் அதிலிருந்து எடுத்தார்கள் என்று ஒரு கதை, 'ஜி.பி.' என்ற எழுத்துகள் மருவியது என்று இன்னொரு கதை. எப்படிப் பார்த்தாலும் பெயர் வைத்தது சிப்பாய்கள். வில்லிஸ் 1943-ல் அதைத் தன் வணிக முத்திரையாகக் கேட்டு விண்ணப்பித்தது. "ஜீப்பை உருவாக்கியது நாங்கள்" என்று விளம்பரமும் செய்தது. பேன்டம் தரப்பு புகாரில், அப்படிச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1948-ல் உத்தரவே போட்டது. ஆனாலும் 1950-ல் முத்திரை வில்லிஸுக்கே கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் கைமாறியதைப் பாருங்கள். 1953-ல் கைசர், 1970-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ், 1987-ல் கிரைஸ்லர், 1998-ல் ஜெர்மனியின் டைம்லர், பிறகு இத்தாலியின் ஃபியட், 2021 முதல் ஸ்டெல்லான்டிஸ். ஒவ்வொரு கையிலும் ஒரு முகம். முதலில் போர் வண்டி, அடுத்து விவசாயியின் வண்டி, அப்புறம் வேட்டைக்கும் மலைக்கும் போகிறவனின் வண்டி, கடைசியில் நகரத்துக் குடும்பத்தின் உசரமான கார். ஆனால் அமெரிக்க விளம்பரங்களில் ஒரு சொல் மட்டும் விடாமல் வருகிறது: சுதந்திரம். ரோடு முடிகிற இடத்தில் உன் வண்டி நிற்காது என்பதுதான் அந்தக் கதை.

நம்ம ஊருக்கு வந்த ஜீப்

1945-ல் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. அதே 1948-ல்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டும் வந்தது. காஷ்மீர் போருக்காக லண்டனில் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் 80 லட்ச ரூபாய்க்குச் செய்த ஒப்பந்தம். வாங்கியது என்ன? பழைய ஜீப்புகள். ஆக, சுதந்திர இந்தியாவில் ஜீப் என்ற சொல் பத்திரிகையில் அடிபட்டதே அரசாங்கத்தோடு சேர்ந்துதான்.

அமெரிக்காவில் சிஜே-3பி என்ற மாடலை 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே மஹிந்திரா அதே உடம்பில் டீசல் எஞ்சினை வைத்து, கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் மாற்றி, பல பத்தாண்டுகள் ஓட்டியது. வாங்கியவர்களில் பெரும்புள்ளி சர்க்கார். ராணுவம், போலீஸ், வனத்துறை, வருவாய்த்துறை, பொதுப்பணித்துறை, மின்வாரியம். தனி ஆள் கார் வாங்கினால் அம்பாசடர் அல்லது ஃபியட். ஜீப் வாங்கியவர் என்றால் எஸ்டேட்காரர், கான்ட்ராக்டர், அல்லது அரசியல்வாதி.

ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள்

ஆச்சி சொன்ன பயம் இங்கேதான் இருக்கிறது.

நான் பிறந்தது 80-களின் தொடக்கத்தில். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். உப்பளத்துக்குள் காரில் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. சைக்கிள், மாட்டு வண்டி, லாரி. இந்த மூன்றும் இல்லாமல் நாலாவதாக ஒன்று வந்தால் அது ஜீப். அதிலிருந்து இறங்குபவர் ஏதோ ஒரு அதிகாரி. பாத்தியில் வேலை செய்கிற பொம்பளைகள் நிமிர்ந்து நிற்பார்கள். அப்பா சட்டைப் பொத்தானைப் போடுவார். ஜீப் போன பிறகு பொத்தானைக் கழற்றுவார். இன்றைக்கும் ஜீப் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பொத்தான்தான்.

கடற்கரையில் இன்னும் அழுத்தம். நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருப்பது மன்னார் வளைகுடா. அந்தப் பக்கமிருந்து சரக்கு வந்த காலத்தில் கரைக்கு வந்தது சுங்கத்துறை ஜீப். 1983-க்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் வந்தபோது கியூ பிரிவு போலீஸ் ஜீப். திரேஸ்புரம் பக்கம் எங்களோடு விளையாடிய பையன்கள் "ஜீப்பு வருது" என்று கத்தினால், தப்பு செய்யாதவனும் ஓடுவான். ஏன் ஓடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. ஜீப் வந்தால் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

எப்போதும் பயம் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். தேர்தல் நேரத்தில் மேல்மூடி கழற்றிய ஜீப்பில் வேட்பாளர் கைகூப்பி நின்று வருவார். அன்றைக்கு மட்டும் நாங்கள் ஜீப்பைப் பார்த்து எதிர்த்திசையில் ஓட மாட்டோம், பின்னாலேயே ஓடுவோம். தடுப்பூசி போட வருகிறவர்களும் ஜீப்பில்தான் வந்தார்கள். ஆனால் இதிலெல்லாம் ஒன்று பொது. ஜீப் நம்மிடம் வரும், நாம் ஜீப்பில் போக மாட்டோம். அமெரிக்கனுக்கு ஜீப் என்பது ஓட்டுகிற வண்டி. நமக்கு அது வருகிற வண்டி. கொழுக்குமலை மாதிரி மலைப்பக்கம் போனால்தான் காசு கொடுத்து ஜனங்கள் ஏறுகிற ஜீப்பைப் பார்க்கலாம். கடற்கரைக்காரனுக்கு அந்த அனுபவம் இல்லை.

தேரிக்காட்டுக் கேள்வி

"நாலு வீலும் இழுத்தாத்தானே அது ஜீப்பு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி தெரியும்தானே, ஒரே செம்மண் மேடு. சாதாரணக் கார் அந்த மணலில் இறங்கினால் இழுக்கிற சக்கரம் சுற்றச் சுற்றப் புதையும். நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுத்து, மெதுவான கியரில் ஏற்றினால் வண்டி ஊர்ந்து வெளியே வரும். ஜீப்பின் பொறியியல் சாதனை இதுதான். இதை வைத்துப் பார்த்தால் சித்தப்பா மகன் வாங்கிய காம்பஸ் ஜீப் இல்லை என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். அவன் வாங்கியதில் முன்சக்கரம் இரண்டு மட்டும்தான் இழுக்கும்.

பாளையங்கோட்டை ரோட்டில் பழைய ஜீப் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தம்பி, நீங்க சின்னப்பிள்ளையில பயந்து ஓடுனீங்கல்லா, அந்த ஜீப்புல முக்காவாசி பின்வீல் மட்டும் இழுக்குற வண்டிதான். நாலு வீலு வேணும்னா தனியாக் கேட்டு வாங்கணும், வெல கூட. டவுனுக்குள்ள சுத்துத போலீசுக்கு அது எதுக்கு?"

என் வாதம் அங்கேயே படுத்துவிட்டது. தேடிப் பார்த்தால் அண்ணாச்சி சொன்னது சரிதான், மஹிந்திரா இருசக்கர இழுவை ஜீப்புகளை நிறையவே விற்றிருக்கிறது. அப்படியானால் ஜீப்பை ஜீப் ஆக்கியது கியர் பெட்டி இல்லை, இறங்கிய ஆள். அதனால்தான் பொலேரோ வந்த பிறகும் ஊரில் "போலீஸ் ஜீப்பு" என்றே சொல்கிறார்கள். வண்டி மாறிவிட்டது, இறங்குகிற ஆள் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை.

சொந்தக்காரர் திரும்பி வந்தார்

2016-ல் ஜீப் தன் சொந்தப் பெயரில் இந்தியாவுக்கு வந்தது. 2017-ல் புனே அருகே ரஞ்சன்காவில் செய்த காம்பஸ், 14.95 லட்ச ரூபாய் ஆரம்ப விலையில் இறங்கியது. நல்ல வண்டி, நான் ஓட்டியிருக்கிறேன். கதவைச் சாத்தும் சத்தத்திலேயே கனம் தெரியும். கோளாறு வண்டியில் இல்லை, கூடவே கொண்டுவந்த கதையில். அந்தக் கதை 1941-ஐச் சொல்கிறது, ஏழு ஓட்டை முகப்பைச் சொல்கிறது, சாகசத்தைச் சொல்கிறது. நம்மூரில் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்தது என்ற நினைப்பே அதில் இல்லை. வெறும் நிலத்தில் வீடு கட்டுகிற மாதிரி வந்தார்கள். நிலத்தில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தது.

இன்னொரு வேடிக்கை. 2018-ல் மஹிந்திரா தன் பழைய ஜீப் உடம்பிலிருந்து வந்த ராக்ஸர் என்ற வண்டியை அமெரிக்காவுக்கே கொண்டுபோனது. ரோட்டில் ஓட்ட இல்லை, தோட்டம் தோப்புக்கு. "இது எங்கள் ஜாடை" என்று ஜீப் கம்பெனி அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்துக்குப் போனது. 2020-ல் தீர்ப்பு ஜீப் பக்கம். மஹிந்திரா முகப்பை மாற்ற வேண்டியதாயிற்று, அதன்பிறகும் வழக்கு ஓயவில்லை. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் பேன்டம் பெற்ற பிள்ளை, சிப்பாய்கள் வைத்த பெயர். அதைப் பதிவு செய்துகொண்டவர்கள், அவர்களே கைவிட்ட உடம்பை அரை நூற்றாண்டு உயிரோடு வைத்திருந்தவனிடம் ஜாடைக்கு உரிமை கேட்கிறார்கள். 2021-ல் செரோக்கி இன மக்களின் தலைவர், உங்கள் வண்டிக்கு எங்கள் பெயரை வைக்காதீர்கள் என்று இதே கம்பெனியைக் கேட்டார். வாங்கிய பெயர் மேல் இவ்வளவு உரிமை பேசுகிறவர்களுக்கு, இரவல் பெயர் மேல் அதே கூச்சம் இருக்க வேண்டாமா?

முத்துநகர்

பொருள் போன பிறகும் பெயர் நிற்கும் என்பது தூத்துக்குடிக்காரனுக்குப் புதுசு இல்லை. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. நான் பிறக்கும்போது முத்துச்சிலாபம் ஏற்கெனவே தாத்தா காலத்துக் கதை. ஆனாலும் ஊர் முத்துநகர்தான், சென்னைக்குப் போகிற ரயில் முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். யாரும் பதிவு செய்யவில்லை, விளம்பரம் செய்யவில்லை. மூச்சடக்கி மூழ்கியவர்களின் ஞாபகம் அந்தப் பெயரைச் சுமக்கிறது. ஜீப்பையும் இங்கே அப்படி ஒரு ஞாபகம் சுமக்கிறது. அதில் பெருமை கொஞ்சம், பயம் நிறைய. விலை கொடுத்து வாங்க முடியாதது அது. அழிக்கவும் முடியாது.

என் மகளுக்கு இந்தப் பயம் இல்லை. அவளுக்கு ஜீப் என்றால் சித்தப்பாவின் வெள்ளைக் கார். அவள் அளவில் கம்பெனி ஜெயித்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, சொல்லப்போனால் நிம்மதி. வண்டி வந்தால் ஓட வேண்டும் என்று தெரியாமல் ஒரு பிள்ளை வளர்வது நல்ல விஷயம்தான்.

2025 ஆகஸ்டில் நம்ம சில்லாநத்தத்திலேயே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தாயிற்று. இந்தக் கரையிலேயே செய்யப்படும் கார் என்று ஒரு பெயர் இப்போதுதான் தொடங்குகிறது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் வரும் என்பதை அவர்கள் விளம்பரம் முடிவு செய்யாது. ஆலையில் யாருக்கு வேலை கிடைத்தது, யார் நிலம் போனது, அந்த வண்டியிலிருந்து யார் இறங்கினார்கள் என்பதுதான் முடிவு செய்யும். 40 வருஷம் கழித்து ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஒரு கிழவி சொல்வாள், அது என்ன வண்டி என்று.